ரோபோ பொம்மைக்கும் பாடு பிரிப்போம்

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.18 மணி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி.-டி1 ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். படகுகள் கரையில் நிற்கும். அந்த ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்பது பாடப்புத்தகப் படம் அல்ல. அன்றைக்கு வீட்டில் மீன் வருமானம் இல்லாமல் செய்கிற, அண்ணாந்து பார்த்தால் தெரிகிற நெருப்பு.

அந்த ராக்கெட்டில் எட்டு கிலோ எடையுள்ள ‘ஆசாதிசாட்’ என்ற சிறு செயற்கைக்கோளும் போனது. அதன் கருவிகளுக்கு நிரல் எழுதியவர்கள் நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அவர்களில் இருந்தார்கள். சென்னையின் ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ அமைப்பு அவர்களை ஒருங்கிணைத்தது.

செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நிற்கவில்லை. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில், வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள் சிறிது நேரம் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தை ‘உணரிகள் கெட்டுவிட்டன’ என்று நிரல் தவறாக எடுத்துக்கொண்டது. ராக்கெட்டின் இயந்திரங்கள் சரியாகவே வேலை செய்தன. பிழை, நிரலுக்குள் இருந்த ஒரு தீர்மானத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, அதே ஏவுதளத்திலிருந்து ‘ஆசாதிசாட்-2’ சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது.

எழுதுவது, தோற்பது, ஏன் தோற்றோம் என்று தேடுவது, திருத்தி மறுபடி அனுப்புவது. கோடிங் என்பது இந்த நான்கும் சேர்ந்ததுதான். குழந்தைக்குக் கோடிங் கற்றுத்தரும் ரோபோ பொம்மை வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று இன்று பல பெற்றோர் கேட்கிறார்கள். நகரத்தில் மட்டும் அல்ல, மீனவக் குப்பங்களிலும் கேட்கிறார்கள். அந்தப் பொம்மை இந்த நான்கில் எத்தனையைக் குழந்தையின் கையில் கொடுக்கிறது என்பதே என் அளவுகோல்.

ஆமை காட்டிய வழி

இந்தப் பொம்மைகளுக்கு ஒரு மூதாதை உண்டு. அது ஓர் ஆமை. 1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதைத் தொடர்ந்து, தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு இழுக்கும் ஒரு சிறு எந்திரம் வந்தது. அதற்கு ஆமை என்றே பெயர் வைத்தார்கள். ‘முன்னே 100 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்ற கட்டளையை நான்கு முறை சொன்னால் ஆமை ஒரு சதுரம் வரையும். சதுரம் வரவில்லை என்றால் குழந்தை எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்க்கும். தன் கால் எங்கே தவறான பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடிக்கும்.

பேப்பர்ட் சொன்ன பாடம் எளிது. எந்திரம் குழந்தையை ஆட்டுவிக்கக் கூடாது. குழந்தைதான் எந்திரத்தை ஆட்டுவிக்க வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் நல்ல பொம்மையையும் மோசமான பொம்மையையும் பிரிக்கும் கோடு இதுதான். பாட்டுப் பாடி, கண் சிமிட்டி, கை தட்டி ஆடும் ரோபோ கடையில் நம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் ஆட்டம் முழுவதையும் தொழிற்சாலையில் யாரோ எழுதி முடித்துவிட்டார்கள். குழந்தைக்கு மிச்சம் இருக்கிற வேலை பொத்தானை அழுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது மட்டுமே. இரண்டாவது வாரம் அது அலமாரிக்குப் போய்விடும்.

பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரையில் வளரும் பிள்ளைகளுக்கு ஆமையின் நடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆமைக்குக் கட்டளையிடும் வாய்ப்புதான் அவர்களுக்கு இதுவரை வரவில்லை.

ஏரியில் ஓடும் நிரல்

கோடிங் என்பது வெளியிலிருந்து வரும் வித்தை என்று கோட்டைக்குப்பம் நினைக்கத் தேவையில்லை. இந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாக ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் பாடு.

ஏரியில் எல்லா இடமும் ஒன்று அல்ல. நீரோட்டத்தோடு இறால் ஓடும் தடங்கள் சில. அங்கே வலை கட்டுகிறவருக்கு நல்ல வருமானம். வேறு இடங்களில் அவ்வளவு கிடைக்காது. வலுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் தினமும் சண்டைதான். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் சேர்ந்து ஒழுங்கு வகுத்தன. தலைக்கட்டுப் பட்டியலில், அதாவது வலை கட்ட உரிமையுள்ளவர்களின் பட்டியலில், இருப்பவர்கள் குழுக்களாகப் பிரிவார்கள். சீட்டுப் போட்டு வரிசை முடிவாகும். இன்று இந்தக் குழுவுக்கு இந்தத் தடம், நாளை அடுத்த குழுவுக்கு. கடைசிக் குழு முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. ஒரே ஏரி, மாறி மாறி வரும் வாய்ப்பு.

கணினி படிக்கிறவர்கள் முதல் ஆண்டில் கற்கும் அடிப்படைகள் பெரும்பாலும் இதற்குள் இருக்கின்றன. பட்டியல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, ‘இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்ற நிபந்தனை இருக்கிறது, முடிந்ததும் திரும்பத் தொடங்கும் சுற்று இருக்கிறது. அப்பாவின் முறை என்றைக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லும் எட்டு வயதுப் பிள்ளை, ஒரு நிரலைத் தன் தலைக்குள் ஓட்டிப் பார்க்கிறது. கோடிங் என்ற சொல்லைக் கேட்டிராவிட்டாலும் அது செய்வது கோடிங்தான்.

இதே பாடு முறையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தலைக்கட்டுப் பட்டியலில் பெண்களின் பெயர் இல்லை. இறால் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களின் பெயரும் இல்லை. பட்டியலுக்கு வெளியே நின்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டுப் போராடிய வரலாறும் உண்டு. விதியை யார் எழுதுகிறார்களோ அவர்களே யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் எழுதுகிறார்கள். வங்கிக் கடன் யாருக்கு, வேலைக்கான நேர்காணல் யாருக்கு என்பதைக்கூடக் கணினி நிரல்கள் முடிவு செய்யும் காலம் இது. விதி மனிதர் எழுதியது, ஆகவே மனிதர் திருத்தக்கூடியது என்ற அறிவு நகரத்துப் பிள்ளையைவிடக் குப்பத்துப் பிள்ளைக்கு அதிகம் தேவை. கோடிங் கற்பதை வேலைவாய்ப்போடு மட்டும் முடிச்சுப் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பயத்தை விற்ற கடைகள்

கரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது, ஆறு வயதில் கோடிங் கற்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போயிற்று என்ற தொனியில் விளம்பரங்கள் வந்தன. ‘ஒயிட்ஹேட் ஜூனியர்’ நிறுவனம் ‘வுல்ஃப் குப்தா’ என்றொரு சிறுவனைக் காட்டி, அவனுக்கு கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் என்றது. அப்படி ஒரு சிறுவனே இல்லை. 2020-ல் இந்திய விளம்பரத் தரக் குழு அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் சிலவற்றைத் திரும்பப் பெறச் சொன்னது. அதே ஆண்டு 30 கோடி டாலருக்கு அதை வாங்கிய பைஜூஸ், 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

இதை நினைவுபடுத்தக் காரணம் உண்டு. வகுப்புகளை விற்ற அதே பயம் இப்போது பொம்மைப் பெட்டியின் மேல் அச்சாகி வருகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020-கூட 6-ஆம் வகுப்பிலிருந்துதான் கோடிங் என்கிறது. மூன்று வயதில் ரோபோ வாங்காததால் எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடாது. கடன் வாங்கி ரோபோ பொம்மை வாங்காதீர்கள். பெற்றோருக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை இது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாங்கியே தீர வேண்டும் என்றால், முதலில் கேட்க வேண்டியது: இது போன் இல்லாமல் ஓடுமா? மீனவர் வீட்டில் பெரும்பாலும் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும். அப்பா தொழிலுக்குப் போகும்போது அதுவும் கூடவே போகும். செயலி இல்லாமல் அசையாத பொம்மை அந்த வீட்டில் அப்பா திரும்பும்வரை பிளாஸ்டிக் துண்டுதான். 

பிரிட்டன் பள்ளிகளில் பழக்கமான ‘பீ-பாட்’ என்ற மஞ்சள் தேனீ ரோபோ நல்ல முன்மாதிரி. அதன் முதுகிலேயே முன், பின், இடம், வலம் என்று அம்புக்குறிகள் இருக்கின்றன. ஒரு கட்டளைக்கு 15 சென்டிமீட்டர் நகரும், திரும்பச் சொன்னால் 90 பாகை திரும்பும். போனும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது போதும். அந்தப் பொம்மைதான் வேண்டும் என்றில்லை. இந்த வகையில் எது கிடைத்தாலும் சரி.

அடுத்து, பிழை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தவறான கட்டளை கொடுத்தால் ரோபோ தவறான இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். ‘தப்பு’ என்று சிவப்பு விளக்கு எரியவைத்து, சரியான விடையைத் தானே காட்டிவிடும் பொம்மை, தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறது.

கம்பெனி மூடினால் பொம்மை உயிரோடு இருக்குமா என்பது மூன்றாவது கேள்வி. ‘கோஸ்மோ’, ‘வெக்டர்’ ரோபோக்களைச் செய்த அமெரிக்காவின் ‘ஆங்கி’ நிறுவனம் 2019-ல் மூடப்பட்டது. குழந்தைகளோடு பேசும் ‘மாக்ஸி’ ரோபோவைச் செய்த நிறுவனம் 2024 டிசம்பரில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அதன் மூளை கம்பெனியின் கணினியில் இருந்ததால், ஏறத்தாழ 800 டாலர் கொடுத்து வாங்கிய பொம்மை ஊமையாகிவிடும் என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது எனப் பெற்றோர் தவித்தார்கள். 1998-ல் வந்து ஒரு தலைமுறையையே வளர்த்த லெகோ ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ வரிசைகூட 2022 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அறிவு பொம்மைக்குள்ளேயே இருக்கும் எளிய எந்திரமே நீண்ட நாள் வரும்.

பேசும் பொம்மை, கேமரா உள்ள பொம்மை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘மை ஃபிரண்ட் கேலா’ என்ற பேசும் பொம்மையை, மறைவாக ஒட்டுக்கேட்கும் கருவி என்று சொல்லி 2017-ல் ஜெர்மனி தடை செய்தது. நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் செயலியைத் திறந்ததும் ‘சம்மதம்’ என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது நாம்தான். பொம்மைக் காருக்கு உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பொத்தான் அளவுள்ள வட்டப் பேட்டரி போடும் இடம் திருகாணியால் மூடியிருக்க வேண்டும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடும் பொம்மையே எல்லா வகையிலும் நல்லது. குப்பத்துப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும்.

கடைசியாக, ஏரிக்கரைக்கே உரிய ஒன்று. உப்புக் காற்று. பேட்டரி முனைகளில் சில வாரங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். திருகாணியைக் கழற்றித் துடைக்க முடியாதபடி ஒட்டி மூடிய பொம்மையை இங்கே வாங்கினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கழற்றக்கூடியது, துடைக்கக்கூடியது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடியது எதுவோ அதுவே படிப்பிக்கும். கிழிந்த வலையைத் தானே பின்னிக்கொள்ளும் ஊரில் பிள்ளைகளுக்குப் பழுது பார்க்க முடியாத பொம்மையைக் கொடுப்பது அவமதிப்பு.

பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு ஆயத்த ரோபோவைவிடத் திறந்த சர்க்யூட் பலகை மேல். 2016-ல் பிரிட்டனில் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட ‘மைக்ரோபிட்’ பலகையில் 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை அறியும் உணரி ஆகியவை இருக்கின்றன. ‘ஆர்டுவினோ’ பலகை அதற்கும் முந்தையது, 2005-ல் இத்தாலியில் பிறந்தது. அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி இலவசமாக இருக்கிறது. அதில் ‘பதிப்பி’ என்றால் திரையில் எழுத்து வரும், ‘ஆனால்’ என்று எழுதினால் நிபந்தனை. ஆங்கிலம் வராததால் கணக்கும் வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு.

மணலில் ஒரு ரோபோ

ஒரு மாலையில் பார்த்ததைச் சொல்கிறேன். வலை உலர்த்தும் மணல்மேட்டில் குச்சியால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா, அதுதான் முகத்துவாரம். ஏழு வயதுத் தம்பி கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு படகாக நின்றான். அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கரியால் அம்புக்குறிகள் எழுதி வைத்திருந்தாள். அவள் ஒவ்வொன்றாகப் படிக்க, அவன் நடந்தான். மூன்றாவது கட்டளையில் முகத்துவாரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டான்.

“டேய், வலதுபக்கம் திரும்புன்னு சொன்னேன்ல?”

“வலதுபக்கம்தான்க்கா திரும்புனேன்!”

அக்கா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தம்பியின் முதுகுக்குப் பின்னால், அவன் பார்த்த திசையையே பார்த்தபடி நின்றாள். தன் வலதும் அவன் வலதும் ஒன்று அல்ல என்று அங்கே அவளுக்குப் புரிந்தது. திரும்பி வந்து ஓர் அம்பை அழித்து எழுதினாள். இந்த முறை படகு டப்பாவைத் தொட்டது.

கட்டளையை எந்திரத்தின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்ற பாடத்தைப் பொறியியல் கல்லூரியில்கூடச் சிலர் தட்டுத்தடுமாறித்தான் கற்கிறார்கள். அவளுக்கு அது பைசா செலவில்லாமல் அரை மணி நேரத்தில் கிடைத்தது. கணினியே இல்லாமல் கணினி அறிவியலைச் சொல்லித்தரும் இந்த முறையை நியூசிலாந்தின் டிம் பெல் போன்றோர் 1990-களிலிருந்து வளர்த்துவருகிறார்கள். குப்பையில் கிடக்கும் பொருளிலிருந்து அறிவியல் பொம்மை செய்ய நாடு முழுவதும் கற்றுக்கொடுத்த அரவிந்த் குப்தாவும் இதே வழிக்காரர்தான். பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையில் கூடை முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே, வரிசை முடிந்தால் திருப்பு. அந்தக் கை ஒரு சுற்றை ஓட்டுகிறது. பொம்மைக் கடைக்குப் போகும் முன் பிள்ளையை அங்கே உட்காரவையுங்கள்.

பொம்மைக்கும் பாடு

இதனால் ரோபோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணலில் விளையாடிய பிள்ளை, தான் எழுதிய வரிசைப்படி ஓர் எந்திரம் நிஜமாகவே நகர்வதைப் பார்க்கும்போது அதன் கண்ணில் வரும் வெளிச்சம் வேறு. அந்த வெளிச்சம் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது.

அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016-ல் தொடங்கியது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்; 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லது, வரட்டும். ஆனால் பொம்மையின் வயது அதற்கு முந்தையது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் குப்பத்துப் பிள்ளைக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை.

அதற்கு லட்சங்கள் தேவையில்லை. ஒரு தொடக்கப் பள்ளிக்கு, போன் வேண்டாத தரை ரோபோக்கள் நான்கு போதும். பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்து, 15 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டு, அதில் ஏரியை வரையுங்கள். மாதா கோயில், பள்ளிவாசல், மீன் ஏலம் போடும் இடம், பூநாரைகள் நிற்கும் சேறு, முகத்துவாரம். படகு மணல் திட்டில் மாட்டாமல் கடலுக்குப் போக வேண்டும் என்பதே கணக்கு. இந்தக் கணக்கை அவர்களுடைய அப்பாக்கள் தினமும் போடுகிறார்கள்.

நான்கு ரோபோவை நாற்பது பிள்ளைகள் எப்படிப் பகிர்வது என்று யாராவது கேட்டால், அதற்கு விடை கோட்டைக்குப்பத்திடமே இருக்கிறது. பாடு பிரியுங்கள். குழுவாகச் சேருங்கள், சீட்டுக் குலுக்குங்கள், முறை வையுங்கள். அந்த முறைப் பட்டியலைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அதுவே அவர்கள் எழுதும் முதல் நிரலாக இருக்கட்டும். 

ஊர்ப் பெரியவர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலில் பெண் பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டும். இருளர் குடியிருப்புப் பிள்ளைகளின் பெயரும் இருக்க வேண்டும். பெரியவர்களின் பாட்டில் விடுபட்ட பெயர்களைப் பிள்ளைகளின் பாட்டில் சேர்த்துவிட்டால், நிரலில் இருந்த ஒரு பழைய பிழையைத் திருத்தியவர்கள் ஆவோம்.